எந்தப் பள்ளிக்கூடத்துக் கமலா ரீச்சர்?

சொர்ணா அக்கா வந்து என் அடுப்பை அணைத்தார்.

ஒரு சனிக்கிழமை காலை. கதவு மணி அடித்தது, மகள் அனு போய்த் திறந்தாள். சொர்ணா அக்கா சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் நேரே குசினிக்குள் வந்தார். அடுப்பில் பருப்பு கொதித்துக்கொண்டிருந்தது. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. கையை எட்டி அடுப்பின் திருகியைத் திருப்பி அணைத்தார். மின்சார அடுப்பு, உடனே ஆறாது. பருப்பு தன்பாட்டில் இன்னும் கொஞ்ச நேரம் கொதித்தது. நாங்கள் இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

யாழ்ப்பாணத்தாருக்கு இதை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். செத்தவீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. அயலவர்கள் சமைத்துக் கொண்டுவந்து தருவார்கள். ஒருவர் உங்கள் வீட்டுக்குள் வந்து உங்கள் அடுப்பை அணைத்தால், அதற்கு மேல் அவர் வாய் திறக்க வேண்டியதில்லை.

"ஆர்?" என்று கேட்டேன்.

"கமலா ரீச்சர், பிள்ளை. ஷெல் விழுந்து மோசம் போயிட்டாவாம். இஷொய் ஜோசப் அண்ணைக்கு இப்பதான் கோல் வந்தது."

கமலா என் தங்கை. என்னைவிட ஏழு வயது இளையவள். அவளுக்குத் தலை இழுத்துப் பின்னி, கையைப் பிடித்து, முதல் நாள் பள்ளிக்கூடம் கூட்டிக்கொண்டு போனவள் நான்.

போன வாரம் இந்தப் பத்தியில், முதியோர் இல்லத்தில் எனக்கு வேலை கிடைத்த கதையை எழுதியிருந்தேன். சிரித்துச் சிரித்து வாசித்ததாகப் பலர் சொன்னார்கள். இந்த வாரம் சிரிப்பு வராது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரெலிபோன் காலம்

யுத்தம் முடியப்போகும் மாதங்கள் அவை. முடியப்போகிறது என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. சனம் கடற்கரைப் பக்கமாகத் தள்ளப்பட்டுக்கொண்டே போகிறது என்பது மட்டும் தெரியும். கமலாவும் புருசனும் பிள்ளையும் அதற்குள் இருந்தார்கள். தை மாதத்தில் ஒரு தரம் கதைத்தாள். "பங்கருக்குள்ள தண்ணி வருது அக்கா" என்றாள். பிறகு குரல் இல்லை.

கோப்பன்ஹேகனுக்குப் பக்கத்தில், அல்பர்ட்ஸ்லுண்டில் எங்களுடைய வீடு இரண்டாம் மாடி. ரெலிபோன் அடித்தால் பயம். அடிக்காவிட்டால் அதைவிடப் பயம். முதியோர் இல்லத்தில் கிழவிகளுக்குக் கஞ்சி தீத்தும்போதுகூட மொபைலைச் சட்டைக்குள் மார்போடு வைத்திருந்தேன். ஊரில் இருந்து கோல் வந்த பக்கத்து வீட்டுக்காரி அலறிய சத்தம் சுவர் வழியாகக் கேட்டால், ‘எங்களுக்கு இல்லை’ என்று ஒரு கணம் மனம் ஆறும். பிறகு அந்த ஆறுதலை நினைத்து எனக்கே அருவருப்பு வரும். அப்படி ஒரு காலம்.

ரயில் ஏறிப் போய் கோப்பன்ஹேகனில் பாராளுமன்றத்துக்கு முன்னால் நின்றோம். குளிர் விறைப்பில் பதாகையின் தடி கையோடு ஒட்டிக்கொண்டது. சைக்கிளில் போனவர்கள் மணி அடித்து விலகச் சொன்னார்கள். எங்கள் கத்தலைவிட அந்த மணிச் சத்தம்தான் அங்கே பெரிதாகக் கேட்டது.

செய்தி கிடைக்கும் ஒரே வாசல் ஜோசப் அண்ணை. பக்கத்து நகரமான இஷொயில் இருந்தார், பெந்தகொஸ்தே சபைக்காரர், ஒரு கோழித் தொழிற்சாலையில் வேலை. அவருடைய பெரியம்மாவின் மகள் வவுனியா ஆஸ்பத்திரியில் தாதி. காயப்பட்டு வெளியே வந்தவர்களிடம் அந்தப் பெண் விசாரித்து, கிடைத்த இடைவெளியில் அண்ணைக்கு இரண்டு வார்த்தை சொல்வாள். சைவமோ கிறிஸ்தவ வேதமோ, டென்மார்க்கில் எல்லாருமே தங்கள் ஆட்களின் பெயரை ஜோசப் அண்ணையிடம் கொடுத்திருந்தோம். அவர் ஒரு வீட்டுப் படியில் ஏறுகிறார் என்றால் அந்த வீட்டார் கதவைத் திறக்கவே தயங்குவார்கள்.

அழுகை நின்ற இடம்

மத்தியானத்துக்குள் வீடு நிறைந்துவிட்டது. வாசலில் சப்பாத்துகள் படி வரைக்கும் கிடந்தன. யாரோ சோறு, யாரோ கத்தரிக்காய்க் கறி, யாரோ ஒரு பெரிய பாத்திரத்தில் ரசம். ஆம்பிளைகள் வெளி நடைபாதையில் நின்று மெல்லமாகக் கதைத்தார்கள். பொம்பிளைகள் என்னைக் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்தார்கள். சொர்ணா அக்கா எல்லாவற்றையும் தலைமேல் போட்டுக்கொண்டு ஓடித் திரிந்தார். தொலைக்காட்சியின் மேல் துணி போட்டதும் அவர்தான். இந்த மனுசியைப் பற்றிப் பின்னால் வேறு மாதிரி எழுதவேண்டி வரும். அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன்: அன்று அவர் எனக்காக அழுத அழுகை உண்மையான அழுகை.

நானும் அழுதுகொண்டுதான் இருந்தேன். என் காதோடு காதாக ஒரு பொம்பிளை இன்னொரு பொம்பிளைக்கு விபரம் சொன்னாள்.

"டவுன் பெண்கள் கல்லூரியில படிப்பிச்ச கமலா ரீச்சர் எண்டே தெளிவாச் சொன்னவையாம். கலியாணம் செய்து வன்னிக்குப் போனவ எண்டு."

என் அழுகை நின்றது.

என் தங்கை அந்தக் கல்லூரியில் ஒரு நாளும் படிப்பிக்கவில்லை. அதன் வாசலைக்கூட மிதித்ததில்லை.

அதிர்ச்சியில் உறைந்துவிட்டேன் என்று நினைத்து யாரோ என் வாயில் தண்ணீரை வைத்தார்கள். அனு பக்கத்தில் வந்து குந்தினாள். அப்போது அவள் ஜிம்னேசியம் என்கிற மேல்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள், பதினேழு வயது. "என்னம்மா? என்ன யோசிக்கிறாய்?" என்று டேனிஷில் கேட்டாள். அவளுக்கு என்னத்தைச் சொல்வது? அவளுக்குச் சொல்லாமல் விட்ட ஒரு கதையின் நடுவில் நான் உட்கார்ந்திருந்தேன்.

ஒரு சின்னக் கேள்வி

டென்மார்க்குக்கு வந்த புதிதில் மொழி படிக்கப் போனோம். வகுப்பின் டேனிஷ் ஆசிரியை, "நீங்கள் எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தீர்கள்?" என்று ஒவ்வொருவரையும் கேட்டாள். அது வாக்கியம் பழகுவதற்கான கேள்வி. "சிறிய பள்ளிக்கூடம், நிறைய மரங்கள்" என்று எனக்குத் தெரிந்த டேனிஷில் சொன்னேன். "அழகு!" என்றாள்.

இடைவேளையில், என்னோடு வகுப்பில் இருந்த சொர்ணா அக்கா அதே கேள்வியைத் தமிழில் கேட்டார். அது வாக்கியம் பழகுகிற கேள்வி அல்ல. யாழ்ப்பாணத்தார் ஒருவருடைய சாதியை நேரே கேட்கமாட்டார்கள், அது மரியாதைக் குறைவு. ஊர் எது என்பார்கள். ஊருக்குள் எந்தப் பக்கம் என்பார்கள். கடைசியில், எந்தப் பள்ளிக்கூடம் என்பார்கள். அதோடு ஆளை அளந்து முடித்துவிடுவார்கள்.

"டவுன் பக்கம்தான் அக்கா" என்றேன்.

"டவுன் பெண்கள் கல்லூரியோ! என்ர மச்சாளும் அங்கதான்" என்று அவரே முடிவு கட்டினார். ஊரில் பெரிய பள்ளிக்கூடங்களுக்குக் கல்லூரி என்றுதான் பெயர். நான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. சில வருடங்களில் அந்தக் கல்லூரி என் தங்கைக்கும் தானாகவே போய்ச் சேர்ந்தது. "பவானியின்ர தங்கச்சி, டவுன் பெண்கள் கல்லூரி ரீச்சர்" என்று ஆட்கள் சொல்லும்போது நான் தேநீர் ஊற்றிக்கொண்டிருப்பேன்.

இதற்காக நான் வெட்கப்படவில்லை. கேட்டவர்கள்தான் வெட்கப்படவேண்டும். ஆனால் பயந்தேன், அதை மறைக்கமாட்டேன். என் புருசன் ஞானம் வார நாட்களில் சலவைத் தொழிற்சாலையில் நிற்பவர், வார இறுதியில் தமிழரின் கொண்டாட்டங்களுக்குச் சமைப்பவர். அவருடைய ஆட்டுக்கறி இல்லாமல் அந்தக் காலத்தில் இங்கே ஒரு பிறந்தநாள் நடக்காது. எங்கள் அப்பு, என்னைப் பெற்றவர், கள் இறக்கப் பனை ஏறியவர், அவருடைய தகப்பனும் அதே தொழில்தான். அது தெரிந்த பிறகு எத்தனை பேர் அந்தக் கறிக்குச் சாப்பாட்டுக் கோப்பையை நீட்டுவார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் தைரியமும் எங்களுக்கு இருக்கவில்லை.

வாளிகள்

எங்கள் பள்ளிக்கூடத்தின் பெயர் நல்லொளி மகா வித்தியாலயம். எங்கள் ஆட்கள் அதைப் புதுப்பள்ளிக்கூடம் என்பார்கள். நான் படிக்கும்போதே அதற்கு ஒரு தலைமுறை வயது, என்றாலும் புதுப்பள்ளிக்கூடம்தான். மற்றவர்கள் அதற்கு வேறொரு பெயர் வைத்திருந்தார்கள். அதை நான் இங்கே எழுதமாட்டேன்.

அப்புவின் சிறுவயதில் கூப்பிடு தூரத்தில் ஓடு போட்ட பள்ளிக்கூடம் ஒன்று இருந்தது. எங்கள் பிள்ளைகளும் போகலாம். மற்றப் பிள்ளைகள் வாங்குப் பலகையில் இருப்பார்கள், எங்கள் பிள்ளைகள் நிலத்தில் இருக்கவேண்டும். எல்லாரையும் சமமாக இருத்த வேண்டும் என்று மேலிடத்துக் கட்டளை வந்தபோது, அந்தப் பள்ளிக்கூடம் சொன்னதைச் செய்தது. வாங்குகளைத் தூக்கி வெளியே போட்டுவிட்டு எல்லாரையுமே நிலத்தில் இருத்தியது. இதைச் சொல்லும்போது அப்பு விழுந்து விழுந்து சிரிப்பார். எனக்கு அந்தச் சிரிப்புப் பிடிக்காது.

பிறகுதான் எங்கள் ஆட்கள் தாங்களே கட்டினார்கள். பனை மரத்தைப் பற்றி அவர்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. சிலாகைச் சட்டங்களும் ஓலையும் எங்கள் தோப்பிலிருந்தே வந்தன. வேறு கிணற்றில் அள்ள விடமாட்டார்கள் என்பதால் முதலில் கிணறு வெட்டி, பிறகு கொட்டில் போட்டார்கள்.

ஒரு இரவு மற்றவர்கள் அதை எரித்தார்கள்.

விடிய வந்த பிள்ளைகள் சாம்பலுக்குப் பக்கத்தில் வரிசையாக இருந்தார்களாம். வாத்தியார் இடாப்பில் பெயர் கூப்பிட்டாராம். மறுபடி கட்டினார்கள், மறுபடி எரிந்தது. மூன்றாம் முறை கல்லும் ஓடும் போட்டார்கள். அன்றிலிருந்து ஒரு வழக்கம் வந்தது. கடைசி மணி அடித்ததும் பிள்ளைகள் வாளிகளில் தண்ணீர் நிரப்பி, சுவரோரமாக வரிசையாக வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகவேண்டும்.

நான் படித்த காலத்தில் யாரும் எரிக்க வரவில்லை. வாளி நிரப்புவது மட்டும் நிற்கவில்லை. எல்லாப் பள்ளிக்கூடங்களிலும் பின்னேரத்தில் வாளி நிரப்புவார்கள் என்றுதான் பெரியவளாகும் வரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அரசாங்கம் பள்ளிக்கூடத்தை எடுத்தது. மேல் வகுப்புகள் வந்தன. விஞ்ஞான கூடம் வந்தது, அதற்கு எரிவாயு மட்டும் கடைசிவரை வரவில்லை. கணக்கு வாத்தியார் ஒருவர் வெளியிலிருந்து வந்தார். கணக்கை அவரைப்போல் யாரும் படிப்பித்ததில்லை, ஆனால் குடிக்கிற தண்ணீரைப் போத்தலில் வீட்டிலிருந்து கொண்டுவருவார். வலைப்பந்துக்கு வந்த ஒரு பள்ளிக்கூடம் தங்கள் தண்ணீரைக் குடத்தோடு பஸ்ஸில் ஏற்றி வந்தது. நாங்கள் வென்றோம். அவர்கள் குடத்தை மறக்காமல் எடுத்துக்கொண்டு போனார்கள்.

கமலா அங்கேயே படித்து அங்கேயே ரீச்சரானாள். யாழ்ப்பாணத்துச் சனம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது பள்ளிக்கூடமும் வன்னிக்குப் போய் மர நிழலில் நடந்தது. திரும்பி வரும் நேரம் வந்தபோது கமலா அங்கே கலியாணம் செய்துவிட்டாள், நின்றுவிட்டாள்.

அந்தக் கடைசி மாதங்களில் நான் இங்கே குளியலறையில் ஒரு வாளி நிரப்பி வைக்கத் தொடங்கினேன், ஒவ்வொரு பின்னேரமும். எதற்கென்று எனக்கே தெரியாது. ஞானம் அதைத் தாண்டிக் கால் வைத்துப் போவார்.

செத்தவளை யாரும் தேடமாட்டார்கள்

செத்தவீட்டுக்குத் திரும்பி வருகிறேன்.

தலைக்குள் ஒரே கேள்வி சுற்றியது. அந்தக் கல்லூரியின் பெயர் அங்கேயிருந்து வந்ததா, இங்கே சேர்ந்ததா? வவுனியாத் தாதிப்பெண் தானாகவே அந்தப் பெயரைச் சொன்னாள் என்றால், செத்தது வேறு ஒரு கமலா ரீச்சர். வெறுமனே ‘கமலா ரீச்சர்’ என்று வந்த செய்தியில் இங்கே யாரோ தங்களுக்குத் தெரிந்த கல்லூரியைச் சேர்த்துவிட்டார்கள் என்றால், செத்தது என் தங்கை. இதைக் கேட்கவேண்டும். கேட்டால், ஏன் கேட்கிறாய் என்பார்கள்.

முகம் கழுவுவதுபோல் எழுந்து, ஞானத்தைக் குளியலறைக்குள் கூப்பிட்டேன். வாளி எங்களுக்கு நடுவில் இருந்தது. விசயத்தைச் சொன்னேன். அவருடைய முகம் வெளிறியது.

"பேசாம இரும்" என்றார். "அவள் இருந்தா இருப்பாள். நீர் சொல்லி அவளுக்கு என்ன வரப்போகுது?"

"செத்துப்போனாள் எண்டா ஆர் இனித் தேடுவினம்? ஜோசப் அண்ணை அவளின்ர பேரை விட்டிடுவார். அவள் எங்கையாவது காயத்தோட கிடந்தா?"

"இத்தினை பேருக்கு முன்னாலயோ சொல்லப்போறீர்?"

"அவை என்ர தங்கச்சியின்ர செத்தவீட்டுக்கு வந்திருக்கினம். பின்ன ஆருக்கு முன்னால சொல்லுறது?"

அவர் குளியல் தொட்டியின் விளிம்பில் இருந்துவிட்டார். தைரியம் சொல்லவும் முடியவில்லை, தடுக்கவும் முடியவில்லை. எனக்கு இரண்டு பயம். ஒன்று, அவள் செத்திருப்பாள் என்பது. மற்றது, வெளியில் இருக்கும் முகங்கள். உயிரையும் மானத்தையும் எப்படி ஒரே தராசில் போடுவது என்று நீங்கள் கேட்கலாம். அந்த நேரம் அந்தத் தராசுதான் எனக்குள் ஆடியது. பொய் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

ஜோசப் அண்ணை வந்தார். கூட்டம் வழி விட்டது. அவர் என் தலையில் கை வைத்து ஜெபம் செய்யத் தொடங்கினார். நான் அவருடைய கையைப் பிடித்து இறக்கினேன்.

"அண்ணை, கல்லூரியின்ர பேர் அங்கயிருந்து சொன்னதோ, இல்லாட்டி இஞ்ச ஆரும் சேர்த்ததோ?"

"அங்கயிருந்துதான் தங்கச்சி. எனக்கு உங்கட தங்கச்சி எங்க படிப்பிச்சவ எண்டே தெரியாது. அந்தப் பிள்ளை சொன்னதைத்தான் சொர்ணா அக்காவிட்டச் சொன்னனான். அவதான் அது உங்கட தங்கச்சி எண்டவ. ஏன் கேக்கிறியள்?"

எல்லாருடைய கண்ணும் என் மேல். வாசலில் ஞானம் நின்றார்.

"என்ர தங்கச்சி அங்க படிப்பிக்கேல்ல. நல்லொளி மகா வித்தியாலயம். அவளும் நானும் படிச்சதும் அங்கதான்."

டென்மார்க்கில் முதல் தடவையாக அந்தப் பெயரைச் சத்தமாகச் சொன்னேன்.

ஒப்பாரி நின்றது. பெரியவர்கள் எல்லாருக்கும் விளங்கியது. எனக்கு நேரே இருந்த பொம்பிளை நிலத்தைப் பார்த்தாள். யாரோ செருமினார்கள். அந்த அமைதிக்குள் அனு டேனிஷில் கேட்டாள், வீடு முழுவதும் கேட்க:

"ஏன் எல்லாரும் பேசாமல் இருக்கிறீங்கள்? அந்தப் பள்ளிக்கூடத்தில் என்ன பிழை?"

அவளைப்போல் அங்கே வந்திருந்த பிள்ளைகள் எல்லாரும் தங்கள் தாய் தகப்பனைத் திரும்பிப் பார்த்தார்கள்.

நான் எழும்பிக் குசினிக்குள் போனேன். அடுப்பைப் போட்டேன்.

செத்தவீடு இல்லை என்று வாயால் சொல்ல எனக்குப் பயமாக இருந்தது. அவள் உயிரோடு இருக்கிறாளா என்பது அப்போதும் எனக்குத் தெரியாது. ஆனால் அடுப்பைப் போடலாம். கேத்தல் கொதித்தது. தேநீர் ஊற்றினேன், தட்டத்தில் வைத்துக் கொண்டுபோய் நீட்டினேன். ஜோசப் அண்ணை முதலில் எடுத்தார், குடித்துக்கொண்டே மொபைலில் வவுனியா இலக்கத்தை அழுத்தினார். இரண்டு மூன்று பேர் எடுத்தார்கள். சிலர் "இப்பதான் குடிச்சிட்டு வந்தனான்" என்றார்கள். சொர்ணா அக்கா ஒரு கோப்பையை எடுத்தார். இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டே இருந்தார், ஆவி அடங்கும் வரைக்கும். பிறகு குசினிக்குள் போனார். குழாய்ச் சத்தம் கேட்டது. கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தார். குடித்துவிட்டுக் கழுவினாரா, ஊற்றிவிட்டுக் கழுவினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஆனால் அடுத்ததாகச் செய்யவேண்டியது அவருக்குத்தான் தெரிந்தது. "அப்ப அது வேற ஆற்றையோ பிள்ளை. அந்த வீட்டாரைத் தேடவேணும்" என்றார். அந்தப் பெரிய கல்லூரிக்கு ஊரூராகப் பழைய மாணவர் சங்கம் இருந்தது. சொர்ணா அக்கா மச்சாளுக்கு ஃபோன் அடித்தார், மச்சாள் இன்னொருவருக்கு அடித்தாள். ஒரு மணித்தியாலம்கூடப் போகவில்லை. செத்த கமலா ரீச்சரின் தம்பி மூன்று மணித்தியாலத் தூரத்தில் ஆர்ஹூஸில் இருந்தார். வந்தவர்களில் பாதிப்பேர் கார்களில் ஏறினார்கள். எனக்கென்று சமைத்த சோறும் கறியும் அந்தக் கார்களில் போயின. போகும்போது யாரும் என்னைக் கட்டிப்பிடிக்கவில்லை.

என் வீட்டு வாசலில் இருந்து சாவு எழும்பி இன்னொரு வீட்டுக்குப் போவதை யன்னலில் நின்று பார்த்தேன். சந்தோசம் வரவில்லை. அந்தத் தம்பி அப்போது என்ன செய்துகொண்டிருந்தாரோ என்றுதான் நினைத்தேன். அவரும் பருப்பு அடுப்பில் வைத்திருப்பார்.

அதற்குப் பிறகு

அதற்குப் பிறகு வந்த வாரங்களைப்பற்றி எழுத அதிகம் இல்லை. யுத்தம் முடிந்துவிட்டதாக டேனிஷ் தொலைக்காட்சி சொன்னது. சனம் முகாம்களுக்குள் போனது. ஜோசப் அண்ணையின் சொந்தக்காரத் தாதிப்பெண் நல்லொளிக் கமலா ரீச்சரை விசாரித்துக்கொண்டே இருந்தாள். எங்களுக்குச் சொல்ல அவளிடம் ஒன்றும் இருக்கவில்லை. ஏற்கெனவே பேசி வைத்திருந்த இரண்டு வீட்டுக்காரர் ஞானத்துக்குப் பதில் வேறு ஆளைச் சமைக்கப் பிடித்தார்கள். வாளியை இப்போது ஞானமே நிரப்பி வைத்தார்.

ஒரு நாள் காலை. முதியோர் இல்லத்தில் ஒரு கிழவிக்கு ஓட்ஸ் கஞ்சி தீத்திக்கொண்டிருந்தேன். மார்போடு இருந்த மொபைல் அதிர்ந்தது. தெரியாத இலக்கம். அதை அழுத்தப் பயந்து நின்றேன். "எடு பெண்ணே" என்றாள் கிழவி.

"அக்கா."

கட்டிலின் விளிம்பில் இருந்துவிட்டேன்.

"ஆற்றையோ ஃபோன் அக்கா, ஒளிச்சுத்தான் கதைக்கிறன். கெதியாக் கதை. நான் முகாமில. பிள்ளை என்னோட. அவரைக் காணேல்ல." அவள் அழவில்லை. குரல் காய்ந்துபோய் இருந்தது. "ஒரு நேர்ஸ் பிள்ளை வந்து கூடாரம் கூடாரமாய்க் கேட்டவ, நல்லொளிக் கமலா ரீச்சர் ஆர் எண்டு. எனக்கு வாய் திறக்கப் பயமாப் போச்சு. என்ர பிள்ளைதான் கையைத் தூக்கினவள். என்னெண்டக்கா என்னைத் தேடினனி?"

"பள்ளிக்கூடத்தின்ர பேரைச் சொல்லித்தானடி."

"அங்கயோ? மற்ற ஆக்களுக்கு முன்னாலயோ?"

"ஓம். எல்லாருக்கும் முன்னாலதான்."

பின்னால் யாரோ அவளை அவசரப்படுத்துவது கேட்டது. மாதக்கணக்காகப் பங்கருக்குள் கிடந்து, ஷெல்லுக்குள் பிள்ளையை இழுத்துக்கொண்டு ஓடி வந்தவள், என்னைக் கேட்டாள்:

"உனக்குப் பயமா இருக்கேல்லையோ அக்கா?"

"இருந்ததடி" என்றேன்.

லைன் விட்டுப்போனது. கிழவி வாயைத் திறந்தபடி காத்திருந்தாள். கஞ்சி ஆறிவிட்டது. எழும்பிப் போய்ச் சூடாக்கிக்கொண்டு வந்தேன்.